விலக்குவது யார்?
டீ ரீஸ் ஐந்து லட்சம் டாலருக்கும் குறைவான செலவில் எடுத்து 2011இல் வெளிவந்த படம் ‘பரையா’. பறையர் என்ற சாதிப் பெயர் ஆங்கிலத்துக்குப் போய் ‘விலக்கப்பட்டவர்’ என்று பொருள் மாறிய சொல் அது. அதனாலேயே, விலக்குவது யார் என்ற கேள்வியோடு படத்தைப் பார்த்தேன்.

புரூக்ளினில் வாழும் 17 வயதுக் கறுப்பினப் பெண் அலீக்கே, பெண்களை நேசிப்பவள். வீடு திரும்பும் பேருந்திலேயே உடை மாற்றிக்கொள்கிறாள். இளஞ்சிவப்புச் சட்டை வாங்கித் தருவதும், உண்மை வெளிப்பட்டதும் அடிப்பதும் அம்மா. அப்பா ஊகித்தும் வாய் திறப்பதில்லை. அதனாலேயே நல்லவராகத் தெரிகிறார்.

சாதியைப் போலவே இங்கும் குடும்ப மானத்தைக் காக்கும் வேலை பெண்ணின் தலையில்தான். தனித்துவிடப்பட்ட அந்த அம்மாவைப் படம் அரக்கியாக்கவில்லை. அப்பாவின் மௌனத்தையும் அதே கண்டிப்புடன் விசாரித்திருக்க வேண்டும். விலக்கியவர்களில் அவரும் ஒருவர்.