கழற்றாமல் கண்டுபிடிப்பது

அம்பாசடர் எஞ்சினைப் பிரித்துப் போட்டு மறுபடி பூட்டுவது, தொழில் பழகிய எந்த மெக்கானிக்குக்கும் கைவரும். அதில் எனக்குப் பெரிய வியப்பில்லை. பானெட்டைத் தூக்கிவிட்டு, ஸ்பேனரைத் தொடாமல், கொஞ்ச நேரம் சும்மா நின்று கேட்கிறாரே, அவருடைய ரசிகன் நான்.

பழைய பெட்ரோல் அம்பாசடரைச் சொல்கிறேன். மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டின் வாரிசு. 1489 சிசி, நாலு சிலிண்டர், 1-3-4-2 என்ற வரிசையில் பிளக் பொறி விடும். உத்தரபாராவில் தயாரிப்பு 2014-இல் நின்றது. இசுசு எஞ்சின் பூட்டிய பிற்கால வண்டிகள் வேறு ரகம், விட்டுவிடுவோம். இந்தப் பழைய எஞ்சினில் சென்சார் கிடையாது. கோளாறு எதுவானாலும் சத்தமாகவோ புகையாகவோ வாடையாகவோதான் வெளியே தெரியும்.

வண்டி ‘மிஸ்ஸிங்’ அடிக்கிறதென்றால், ஐடிலில் ஓடவிட்டு பிளக் ஒயரை ஒவ்வொன்றாகப் பிடுங்குவார். எஞ்சின் தடுமாறினால் அந்தச் சிலிண்டர் அதுவரை உழைத்திருக்கிறது. சத்தம் மாறவே இல்லையா, சும்மா இருந்தவன் அவன்தான். அந்தப் பிளக்கைக் கழற்றி முனையைப் பார்ப்பார். பிஸ்கட் நிறமென்றால் நலம். காய்ந்த கரியென்றால் பெட்ரோல் அதிகம் போகிறது. எண்ணெய் ஈரமென்றால் எங்கிருந்தோ ஆயில் உள்ளே இறங்குகிறது.

எங்கிருந்து? இங்கேதான் அரைகுறை ஆள், “ரிங் போச்சு சார், போர் பண்ணணும்” என்று லேத்துக்குச் சீட்டு எழுதிவிடுவார். தேர்ந்தவர், “நீலப் புகை எப்போ சார் வருது?” என்று கேட்பார். ஊட்டியிலிருந்து ஆக்சிலரேட்டரை மிதிக்காமலே இறங்கிவந்து, திரும்ப மிதித்ததும் குப்பென்று வந்தால் சந்தேகம் வால்வு கைடின் மேல். காலை எடுத்திருக்கும்போது மேனிஃபோல்டில் உண்டாகும் வெற்றிடம், தேய்ந்த கைடு வழியாக ஆயிலை உறிஞ்சிவிடும். ஏற்றத்தில் மிதிக்க மிதிக்க விடாமல் வந்தால் ரிங்.

அதோடும் நிறுத்தமாட்டார். பிளக் துளையில் கேஜை வைத்துக் கம்ப்ரஷன் பார்ப்பார். குறைந்திருந்தால் அதே துளையில் ஒரு ஸ்பூன் ஆயிலை விட்டு மறுபடி பார்ப்பார். அளவு ஏறினால் ரிங்தான். ஆயில் அந்த இடைவெளியைச் சற்று நேரம் அடைத்திருக்கிறது. ஏறவில்லையென்றால் பெரும்பாலும் வால்வு சரியாக உட்காரவில்லை. அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர் சேர்ந்தே இறங்கியிருந்தால் நடுவில் ஹெட் கேஸ்கெட் போயிருக்கும். ஒரு ஸ்பூன் ஆயிலில் இத்தனை சேதி! இதைவிட அழகான சோதனையை நான் எந்தப் பட்டறையிலும் பார்த்ததில்லை.

சித்திரை வெயிலில் நின்றுபோய், ஆறியதும் ஒன்றும் நடக்காததுபோல் கிளம்பும் வண்டி இன்னொரு சோதனை. பெட்ரோல் சூட்டில் ஆவியாகி லைனை அடைத்திருக்கலாம். பம்ப்பின் மேல் ஈரத்துணி போடுவது ஊரறிந்த வைத்தியம். ஆனால் சூடேறியதும் படுத்துவிடும் கண்டன்சரும் இதே நாடகத்தை ஆடும். துணி போட்டுக் காத்திருந்தால் அதுவும் ஆறிவிடும், பெயர் துணிக்குப் போய்விடும். அதனால் நின்ற கையோடு பிளக் ஒயரைப் பிளாக்கின் அருகே பிடித்துப் பொறியைப் பார்ப்பார். நீலமாகச் சொடுக்கினால் பெட்ரோல் பக்கம். மஞ்சளாக மினுங்கினால் கண்டன்சர், காயில் பக்கம். ஓடி நிரூபித்த பழைய கண்டன்சர் ஒன்றை மாற்றிப் பார்க்கவென்றே பையில் வைத்திருப்பார். புதியதை அவ்வளவாக நம்பமாட்டார். அந்த அவநம்பிக்கை நியாயமானது.

கடைசியாக டியூனிங். பாயின்ட் இடைவெளியை 0.015 அங்குலத்துக்கு ஃபீலர் கேஜில் வைத்துவிட்டு, டிஸ்ட்ரிபியூட்டரை மயிரிழை இப்படியும் அப்படியும் திருப்புவார். மிருதங்கக்காரர் விளிம்பில் கல்லால் தட்டித் தட்டிச் சுருதி சேர்ப்பாரே, அந்தக் கவனம். டைமிங் லைட் வைப்பதுதான் முறை என்பார்கள். சரிதான். ஆனால் செயினும் ஷாஃப்ட்டும் தேய்ந்த எஞ்சினுக்குப் புத்தக அளவு தொடக்கம் மட்டுமே. டாப் கியரில் அழுத்தி மிதித்து, ‘நாக்’ அடித்தால் துளி பின்னால் திருப்பி, பிறகுதான் போல்ட்டை முறுக்குவார்.

“ஒண்ணையும் கழட்டவே இல்லையே, இதுக்கா இவ்வளவு?” என்று கூலியில் பேரம் பேசுகிற வண்டிக்காரர்களும் உண்டு. அவர்கள் அடுத்த தடவை லேத்துக்குச் சீட்டு எழுதுகிறவரிடமே போகட்டும்.