அரிச்சந்திரனுக்குப் பெண் கொடுப்பீர்களா?

பழைய நாடகம் ஒன்றைப் பார்க்க உட்காரும் முன் ஒன்றை முடிவு செய்துகொள்ளுங்கள். இந்தக் கதையில் நீங்கள் யார் வீட்டு ஆள்? பெண் வீடா, மாப்பிள்ளை வீடா, பக்கத்து வீடா, கடன் கொடுத்த வீடா? அது தெரியாமல் உட்கார்ந்தால் அரிச்சந்திர மயான காண்டம் வெறும் ஒப்பாரியாகத்தான் காதில் விழும். வள்ளி திருமணம் விடிய விடிய நடக்கும் பாட்டுக் கச்சேரி ஆகிவிடும். அரை மணி நேரத்தில் கை தானாகக் கைப்பேசியைத் தேடும்.

மலேசியாவில் கோலா சாவா வட்டாரத் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. ரந்தாவ் பக்கமெல்லாம் ரப்பர் நின்ற காலத்தில், மாரியம்மன் திருவிழா என்றால் கோயில் திடலில் நாடகமும் உண்டு. கிரீடம் வைத்து வரும் ராஜபார்ட், காலையில் நமக்கு அடுத்த நிரையில் மரம் வெட்டுபவர். ஸ்திரீபார்ட்டும் ஆண்தான். அவர் கட்டியிருக்கும் சேலை எந்த லயத்திலிருந்து இரவல் வந்தது என்பது முன்வரிசைப் பெண்களுக்குத் தெரியும். இப்படித் தெரிந்த முகங்கள் வேடம் கட்டி வரும்போது ‘நடிப்பு எப்படி?’ என்று யாரும் கேட்டுக்கொள்வதில்லை. பாய் விரித்து உட்கார்ந்தவர்கள் பேசியதெல்லாம் மேடையில் இருப்பவர்களின் நடத்தையைப் பற்றி. அதைக் கவனமின்மை என்று படித்தவர்கள் நினைத்ததுண்டு. எனக்கு அதைவிடக் கூர்மையான ரசனை தெரியாது.

அரிச்சந்திரனையே எடுத்துக்கொள்வோம். விசுவாமித்திரருக்கு நாட்டைக் கொடுத்தாயிற்று. அதற்கு மேலும் பொன் பாக்கி. காசி வீதியில் மனைவி சந்திரமதியையும் மகன் லோகிதாசனையும் விற்கிறான். காலகண்டர் என்ற பிராமணர் வாங்குகிறார். என் பாட்டி இந்தக் கட்டத்தில் வெற்றிலை மெல்வதை நிறுத்திவிடுவார். “வாக்கு குடுத்தது இவன். விக்கிறது மட்டும் அவளையா? கேக்கறதுக்கு அவளுக்கு ஒரு அண்ணன் தம்பி இல்லையா?” என்பார். மேடையில் இருப்பவருக்கே கேட்கும். சந்திரமதியாக நின்றவர் ஒரு கணம் பாட்டை விட்டுப் பிடித்ததும் உண்டு.

அந்தக் கேள்விதான் நாடகத்துக்குள் போகும் வாசல். சந்திரமதி ராஜா வீட்டுப் பெண், சுயம்வரத்தில் மாலையிட்டவள். அவ்வளவு பெரிய பிறந்த வீடு காசி வீதியில் ஏன் எட்டிப் பார்க்கவில்லை? கதை அவளை ஆளில்லாமல் அங்கே நிறுத்துகிறது. அந்தக் காலியிடத்தில் நீங்கள் போய் அண்ணனாக உட்கார வேண்டும். உட்கார்ந்த பிறகு பாருங்கள், இதுவரை கவனிக்காத வரிகளெல்லாம் காதில் விழும். காலகண்டர் வீட்டில் அந்த அம்மாள் காலகண்டி சந்திரமதியிடம் வேலை வாங்குவது, தர்ப்பை அறுக்கப் போன லோகிதாசன் பாம்பு கடித்து இறந்த செய்தி வந்த பிறகும், வீட்டு வேலை முடியாமல் அவளை வெளியே விடாமல் இழுத்தடிப்பது, ஒவ்வொன்றும் நம் வீட்டுப் பெண்ணுக்கு நடப்பதாகிவிடும்.

பிறகு சுடுகாடு. அரிச்சந்திரன் அங்கே வீரபாகுவுக்கு அடிமை, பிணம் எரிக்கும் காவல்காரன். கால் பணம், முழத்துண்டு, வாய்க்கரிசி. இந்தக் கூலி இல்லாமல் எந்தப் பிணமும் வேகாது. இருட்டில் ஒரு பெண் தன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வருகிறாள். காசு இல்லை என்கிறாள். “கழுத்தில் தாலி இருக்கிறதே, அதை விற்றுக் கொடு” என்கிறான். அவளுக்குத் தூக்கிவாரிப் போடுகிறது. சந்திரமதியின் தாலி பிறக்கும்போதே கழுத்தில் இருந்தது. கட்டிய கணவன் கண்ணுக்கு மட்டும்தான் அது தெரியும். அப்படியானால் எதிரே நிற்கும் வெட்டியான் யார்?

இந்த இடத்தில் பெரும்பாலோர் அரிச்சந்திரன் முகத்தைப் பார்ப்பார்கள். நீங்கள் சந்திரமதியின் கையைப் பாருங்கள். நல்ல ஸ்திரீபார்ட் நடிகர் உடனே அழ மாட்டார். கை கழுத்துக்குப் போகும், அங்கேயே நிற்கும். புருஷன் கிடைத்துவிட்டான். ஆனால் அவன் கண்ணில் முதலில் பட்டது மகனின் பிணம் அல்ல, விற்பதற்கு உகந்த தாலி. அந்த நேரத்தில் அண்ணன் ஸ்தானத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு ஏற்படும் கோபமும் இரக்கமும் வெறும் பார்வையாளருக்கு வராது. ஆளைத் தெரிந்துகொண்ட பிறகும் அவன் கூலியை விட்டுக்கொடுக்கவில்லை என்பது அடுத்த அடி.

சிறுவயதில் ராஜ்கோட்டில் அரிச்சந்திர நாடகம் பார்த்த காந்தி, அது தன்னை விடாமல் துரத்தியதாகவும், எண்ணற்ற முறை தனக்குள் அரிச்சந்திரனாகவே நடித்துப் பார்த்ததாகவும் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். பெரிய மனிதருக்குப் பெரிய வேடம் பிடித்திருக்கிறது. கஸ்தூர்பா எந்த வேடத்தில் இருந்தார் என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. தோட்டத்துப் பெண்கள் ஒருபோதும் அரிச்சந்திரனாக நடித்துப் பார்த்ததில்லை, பார்த்ததெல்லாம் மாமியாராக, நாத்தனாராக, பெற்றவளாக. நாயகனோடு ஒன்றிப்போவது ஒருவகை ரசனைதான். ஆனால் அது ஆளைக் குருடாக்கும், அவன் செய்வதெல்லாம் நியாயமாகத் தோன்றும். உறவுக்காரனாக உட்கார்ந்தால் அவனை மதிக்கவும் செய்யலாம், சட்டையைப் பிடிக்கவும் செய்யலாம்.

சொல்லப்போனால் தமிழர்கள் அரிச்சந்திரனைக் கதைக்குள் விட்டுவைக்கவே இல்லை. தமிழ்நாட்டுச் சுடுகாடுகள் பலவற்றில் வாசலிலேயே அவனுக்கு ஒரு கல்லோ சின்னக் கோயிலோ இருக்கும். பாடை அங்கே இறங்கும். அவனிடம் அனுமதி வாங்கிய பிறகுதான் உள்ளே போகும். நாடகப் பாத்திரம் ஒன்றுக்கு இன்னும் உத்தியோகம் நடக்கிறது!

அதே நாடகத்தில் நான் சிநேகம் வைத்துக்கொள்ள விரும்பும் ஒரே ஆள் நட்சத்திரேசன். விசுவாமித்திரரின் பாக்கியை வசூலிக்கக் கூடவே வருபவன். பசிக்கிறது என்பான், கால் வலிக்கிறது என்பான், நடக்க மாட்டேன் என்று உட்கார்ந்துகொள்வான். சபை சிரிக்கும். கடன் வசூலிக்க வாசலில் வந்து நிற்கும் ஆலோங் ஆட்களைப் பார்த்த ஊரில் இவனைக் கண்டு சிரிப்பது எளிதல்ல. ஆனாலும் கவனியுங்கள்: கடன் அவனுடையது அல்ல, வட்டியும் அவனுக்கு வரப்போவதில்லை. அரிச்சந்திரன் நடக்கும் அதே வெயிலில் அவனும் நடக்கிறான், சத்தியவான் என்ற பெயரும் கிடைக்காமல். துரைக்கும் தொழிலாளிக்கும் நடுவில் நின்று இரண்டு பக்கமும் ஏச்சு வாங்கிய கங்காணிகளை அறிந்தவர்களுக்கு இவன் விளங்குவான். சின்னப் பாத்திரம் ஒன்றைத் தேர்ந்து அதன் பின்னாலேயே போவது நாடகம் பார்ப்பதில் நல்ல பயிற்சி. நாரதர், தோழிப் பெண், வாயிற்காவலன், யாராக இருந்தாலும் சரி.

கல்யாணப் பேச்சுக்கு வருவோம். சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) எழுதி, அவர் பயிற்றுவித்த பாய்ஸ் கம்பெனிகள் ஊர் ஊராகக் கொண்டுபோன நாடகங்களில் பலவும் கல்யாணக் கதைதான். அவற்றில் வரும் மாப்பிள்ளைகளைப் பெண்ணைப் பெற்றவராக விசாரித்துப் பாருங்கள். வள்ளி திருமணத்தில் வருகிறவர் முதலில் வேடன் என்கிறார், பிறகு வேங்கை மரமாக நிற்கிறார், பிறகு கிழவனாக வந்து தேனும் தினைமாவும் வாங்கித் தின்று விக்கல் எடுக்கிறார். அதுவும் பலிக்காதபோது அண்ணனை யானையாக வரவழைத்துப் பயமுறுத்துகிறார். வீட்டில் ஏற்கெனவே தெய்வானை இருக்கிறாள். இன்று தாமான் குடியிருப்புகளில் இப்படி நடந்தால் போலீசில் ரிப்போர்ட் எழுதியிருப்போம். முருகன் என்று தெரிந்த பிறகு மன்னிக்கிறோம், சரி. ஆனால் வள்ளிக்கு அது தெரியாத நேரத்தில் அவள் என்ன பதில் சொல்கிறாள் என்பதில்தான் நாடகத்தின் உயிர் இருக்கிறது. அந்தத் தர்க்கத்தில் வள்ளி வேடம் போடுபவர் எதிராளியை மடக்கும் ஒவ்வொரு கேள்விக்கும் அவள் தகப்பன் நம்பிராஜன் வீட்டுத் திண்ணையிலிருந்து கை தட்டுங்கள்.

இந்த மேடைக் கல்யாணம் உண்மையாகவே நடந்தும் இருக்கிறது. கொடுமுடி கே.பி. சுந்தராம்பாளும் எஸ்.ஜி. கிட்டப்பாவும் கொழும்பில் வள்ளியும் வேலனுமாக நடித்தார்கள், பிறகு வாழ்க்கையிலும் சேர்ந்தார்கள். கிட்டப்பாவுக்கு முன்பே கல்யாணமாகியிருந்தது. கதையில் உள்ள சிக்கலும் சேர்ந்தே வந்தது என்று சொல்ல வேண்டும். 1933இல் 27 வயதில் கிட்டப்பா இறந்தார். அதன் பிறகு சுந்தராம்பாள் கடைசிவரை வெள்ளைச் சேலைதான். இதைத் தெரிந்துகொண்டு அந்தக் காலத்து இசைத்தட்டுகளைக் கேட்டால் வள்ளியின் கேலியில் வேறொன்று கேட்கும்.

அர்ச்சுனனைப் பற்றி அதிகம் பேச வேண்டாம். தூங்கும்போது அல்லிக்குத் தாலி கட்டியவன், அவள் பிள்ளைக்குத் தேர் செய்யப் பவளம் தேடிப் போய்ப் பவளக்கொடியோடு நின்றவன். பெண் கொடுக்க மாட்டேன். அல்லி பக்கத்து வீட்டுக்குக் குடி வந்தால் மட்டும் முதல் நாளே பலகாரத்தோடு போய் நிற்பேன். அவள் பேரைச் சொல்லி, பெண்கள் கை ஓங்கிய வீட்டை ‘அல்லி ராஜ்யம்’ என்று நக்கலடிக்கிறார்களே, அவர்களில் எத்தனை பேர் அந்த நாடகத்தை அவள் பக்கமிருந்து பார்த்திருப்பார்கள்?

மதுரை வீரன் வேறு ரகம். நம் தோட்டங்களில் அவர் காவல் தெய்வம், ஓரத்தில் அரிவாளோடு நிற்பவர், சுருட்டு வாங்கிக்கொள்பவர். அதே ஆள் மேடையில் பொம்மியைத் தூக்கிப் போகிறார், வெள்ளையம்மாளோடும் சேர்கிறார், மாறுகால் மாறுகை வாங்கப்படுகிறார். இரவில் தோட்டத்தைக் காக்க இவரைவிட நல்ல நண்பர் கிடைக்க மாட்டார். மாப்பிள்ளையாக்குவது பற்றிப் பொம்மியின் தகப்பனிடம்தான் கேட்க வேண்டும்.

எதிர்த்து நிற்பதிலும் ஒரு முறை இருக்கிறது. வட தமிழ்நாட்டுத் திரௌபதி அம்மன் கோயில் கூத்தில் பதினெட்டாம் போர் முடியும்போது மண்ணால் செய்த பெரிய துரியோதனன் திடலில் படுத்திருப்பான். பாஞ்சாலி கூந்தல் முடிவாள். துரியோதனன் மனைவி பெருந்திருவாள் துடைப்பமும் முறமுமாக அழுதுகொண்டு வருவாள். அந்தத் துடைப்பத்தால் ஒரு அடி வாங்கினால் பீடை கழியும் என்று சனம் குனிந்து நிற்கும். எதிரியின் மனைவி கையால் அடி வாங்கிக்கொள்ளும் ரசிகர்கள்! யார் பக்கம் நிற்கிறோம் என்பது ஒரே இரவில் எப்படி மாறிவிடுகிறது பாருங்கள்.

1822இல் அமெரிக்காவின் பால்டிமோரில், மேடையில் மனைவியைக் கொல்லப் போகும் ஒத்தெல்லோவாக நடித்தவரைக் காவலுக்கு நின்ற சிப்பாய் ஒருவன் சுட்டுக் கையை முறித்துவிட்டான் என்று பிரெஞ்சு எழுத்தாளர் ஸ்டெந்தால் எழுதியிருக்கிறார். அந்தச் சிப்பாய்க்கு மண் துரியோதனன் ஒன்று கிடைத்திருந்தால் நடிகரின் கை தப்பியிருக்கும். நம் பக்கத்திலும் விபரீதம் இல்லாமல் இல்லை. சங்கரதாஸ் சுவாமிகள் எமன் வேடத்தில் பாய்ந்து வந்ததைக் கண்டு ஒரு கர்ப்பிணிக்குக் கரு கலைந்தது, அதோடு அவர் வேடம் போடுவதையே விட்டார் என்று நாடக உலகில் சொல்வார்கள்.

இலங்கை மலையகத் தோட்டங்களில் மாசி மாதம் காமன் கூத்து நடக்கும்போது ரதிக்கும் மன்மதனுக்கும் உண்மைக் கல்யாணம் போலவே தாலி கட்டு, சீர்வரிசை எல்லாம் உண்டு. ஊரே சம்பந்தி. அதனால்தான் சிவன் நெற்றிக்கண்ணைத் திறந்த பிறகு ரதியின் அழுகையில் தன் வீட்டு இழவு தெரிகிறது. தஞ்சைப் பக்கம் இன்னும் ஒரு படி மேலே போய், காமன் எரிந்தானா இல்லையா என்று ‘எரிந்த கட்சி’, ‘எரியாத கட்சி’ பிரிந்து லாவணி பாடுவார்கள். பாத்திரத்தின் தலையெழுத்தில் ரசிகனுக்கு ஓட்டு இருக்கிறது.

இப்போது தோட்டம் செம்பனையாகிவிட்டது, சனம் சிரம்பான் தாமான்களுக்குப் போய்விட்டது. ஆனால் புதுக்கோட்டை, மதுரை வட்டாரத்து ஸ்பெஷல் நாடகங்கள் முழு இரவுப் பதிவாகவே யூடியூப்பில் கிடைக்கின்றன. ஒத்திகை பார்க்காத நடிகர்கள் மேடையிலேயே சந்தித்து மோதும் நாடகங்கள் அவை. தனியாகப் பார்க்காதீர்கள். வயதில் மூத்த ஒருவரும் கல்யாணமாகாத ஒருவரும் கூட இருக்க வேண்டும். தொலைக்காட்சியில் போட்டு, ஆளுக்கொரு வீட்டைப் பிரித்துக்கொள்ளுங்கள். பபூன் வரும் முதல் ஒரு மணி நேரத்தைத் தள்ளிவிடலாம் என்பது என் கட்சி. எங்கள் வீட்டிலேயே இதற்கு எதிர்க்கட்சி உண்டு. தர்க்கத்தை மட்டும் தாண்டிப் போகாதீர்கள், அங்கே நிறுத்தி நிறுத்திச் சண்டை போடுங்கள். முதல் நாடகமாக வள்ளி திருமணம் போதும். நம்பிராஜன் பக்கம் யார் உட்காருகிறாரோ அவருக்கு ஒரே ஒரு யோசனை: தினைப்புனத்துக்கு வீணையோடு வந்து நல்லது சொல்வதுபோல் பேசும் நாரதரை ஆரம்பத்திலேயே விசாரித்துவிடுங்கள்.