நிரல் துணுக்குப் பகிர்வு: ஒரு மதிப்பீடு

நிரல் துணுக்கு என்பது ஒரு சிறு வேலையை முடித்துத் தரும் சில வரி நிரல். படிவத்தில் நிரப்பிய செய்தியை மின்னஞ்சலில் அனுப்புவது, கோப்பின் அளவைப் படிக்க எளிதாகக் காட்டுவது, ஒரு பெயரில் எத்தனை எழுத்து என்று எண்ணுவது போன்றவை அத்தகைய வேலைகள். வலைத்தளம் உருவாக்குவோர் தொடக்கக் காலம் முதலே துணுக்குகளையும் அவற்றுக்கான குறிப்புகளையும் இலவசமாகப் பகிர்ந்து வருகின்றனர். பள்ளியிலோ கல்லூரியிலோ கற்காமல் இத்தொழிலுக்கு வந்த பலருக்கு இப்பகிர்வே பாடநூலாக இருந்தது. ஆனால் துணுக்கு நெடுந்தொலைவு பயணிக்கிறது. அதற்கான குறிப்பு பாதி வழியிலேயே உதிர்ந்துவிடுகிறது. இப்பகிர்வின் முதன்மையான குறை இதுவே.

குறிப்பின் பயன்

2000-களில் பக்கத்தின் பத்திகளை அருகருகே அமைக்க, சி.எஸ்.எஸ். மொழியின் 'ஃப்ளோட்' என்னும் பண்பு பயன்பட்டது. அதில் ஒரு சிக்கல் இருந்தது. உள்ளே உள்ள பெட்டிகள் மிதப்பதால், அவற்றைச் சூழ்ந்த பெட்டி உயரம் இழந்து சுருங்கிவிடும். பின்னணி நிறமும் மறைந்துவிடும். இதற்குத் தீர்வாக 'கிளியர்ஃபிக்ஸ்' என்னும் துணுக்கு 2004 முதல் பரவியது. உலாவிகள் வளர வளரப் பலர் அதைத் திருத்திச் சுருக்கினர். இன்று அதே வேலையை 'ஃப்ளோ-ரூட்' என்னும் ஒற்றை மதிப்பு செய்துவிடுகிறது.

துணுக்கோடு காரணத்தையும் படித்தவர்கள், காரணம் நீங்கியதும் துணுக்கையும் நீக்கினர். துணுக்கை மட்டும் எடுத்தவர்களுக்கு அது எதற்கு இருக்கிறது என்றே தெரியாது. எடுத்தால் என்ன உடையுமோ என்ற அச்சத்தில் அதை அப்படியே விட்டுவைக்கின்றனர்.

ஃபார்ம்மெயில் தந்த பாடம்

மேட் ரைட் என்பவர் 1995-இல் தொடங்கிய 'மேட்ஸ் ஸ்கிரிப்ட் ஆர்க்கைவ்' தளம், பெர்ல் மொழி நிரல்களை இலவசமாக வழங்கியது. அவற்றுள் புகழ்பெற்றது 'ஃபார்ம்மெயில்'. வலைப்படிவத்தில் ஒருவர் எழுதுவதைத் தள உரிமையாளருக்கு இது மின்னஞ்சலாக அனுப்பும். நிரலாக்கம் அறியாதவரும் இதை நிறுவ முடிந்தது. அதுவே இதன் சிறப்பு.

செய்தி யாருக்குப் போக வேண்டும் என்ற முகவரியை இந்நிரல் படிவத்திலிருந்தே எடுத்துக்கொண்டது. படிவம் பார்வையாளரின் கையில் இருப்பது. அதை அவர் மாற்ற முடியும். எனவே எரிதம் அனுப்புவோர் தமக்கு வேண்டிய முகவரிகளை இட்டு, பிறருடைய வழங்கிகள் வழியே குப்பை அஞ்சல்களை அனுப்பினர். பின்னர் லண்டன் பெர்ல் மாங்கர்ஸ் குழுவினர் 'என்.எம்.எஸ்.' என்ற திட்டத்தில் பாதுகாப்பான மாற்று நிரல்களை எழுதினர். மேட் ரைட்டின் தளமும் பயனர்களுக்கு அவற்றையே பரிந்துரைத்தது. இது பாராட்டத்தக்க நேர்மை. எனினும் முன்பே நகலெடுத்துப் போனவர்களைத் திருத்தம் தானாகச் சென்று சேராது. பிழையான ஏட்டைப் பார்த்து நூறு ஏடுகள் எழுதியபின் மூல ஏட்டைத் திருத்துவது போன்றதே அது.

ஆயிரம் கிலோபைட்

'ஸ்டாக் ஓவர்ஃப்ளோ' தளத்தில் 2010-இல் ஒருவர், கோப்பின் பைட்டு எண்ணிக்கையைக் கிலோபைட், மெகாபைட் என்று மாற்றிக் காட்டும் ஜாவா துணுக்கு ஒன்றை எழுதினார். பின்னாளில் வெளிவந்த ஓர் ஆய்வு, அத்தளத்திலிருந்து மிகுதியாக நகலெடுக்கப்பட்ட ஜாவா துணுக்கு அதுவே என்று கண்டது. 2019-இல் அதை எழுதியவரே அதிலுள்ள பிழையை விளக்கினார். 9,99,999 பைட்டைக் கொடுத்தால் '1.0 மெகாபைட்' என்று வராமல் '1000.0 கிலோபைட்' என்று வந்தது. எல்லை எண்களில் சோதித்திருந்தால் இப்பிழை முதல் நாளே தெரிந்திருக்கும். ஒன்பது ஆண்டுகளாக அதை எடுத்தவர்கள், பலர் பயன்படுத்துவதையே சரியென்பதற்குச் சான்றாகக் கொண்டனர்.

தமிழ் எழுத்தில் தவறும் துணுக்குகள்

ஆங்கிலத்துக்கென எழுதி, ஆங்கிலத்தில் மட்டும் சோதித்த துணுக்குகள் தமிழில் தடுமாறுகின்றன. 'தமிழ்' என்ற சொல்லில் மூன்று எழுத்துகள் என்று முதல் வகுப்புக் குழந்தை சொல்லும். ஜாவாஸ்கிரிப்ட் துணுக்குகளில் வழக்கமாகக் காணப்படும் நீளக் கணக்கு 5 என்கிறது. இகரக் குறியும் புள்ளியும் யூனிகோடில் தனித்தனிக் குறியீடுகள் என்பதே காரணம். பி.எச்.பி. மொழியின் பழைய நீளக் கணக்கு, யூ.டி.எஃப்-8 குறியாக்கத்தில் பைட்டுகளை எண்ணி 15 என்கிறது. சொல்லைத் தலைகீழாக்கும் துணுக்கு, மகரத்தின் இகரத்தைப் பிரித்து ழகரத்தோடு ஒட்டிவிடுகிறது.

பெயரைச் சரிபார்க்கும் துணுக்கு இன்னும் கவலைக்குரியது. ஆங்கில எழுத்துகளை மட்டும் ஏற்பது தமிழ்ப் பெயரை முழுவதும் மறுக்கிறது. 'எல்லா மொழி எழுத்துகளும்' என்று விரித்தாலும் போதாது. புள்ளியும் உயிர்க்குறிகளும் யூனிகோடில் 'எழுத்து' வகையில் இல்லை, 'குறி' வகையில் உள்ளன. அவ்வகையையும் சேர்த்தால்தான் 'கண்ணன்' என்ற பெயர் ஏற்கப்படும். அதுவரை, தம் பெயரைச் சரியாக எழுதிய ஒருவரிடம் அது தவறு என்று கணினி சொல்லிக்கொண்டிருக்கும்.

உரிமம்

ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் உள்ளவை கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியாகின்றன. எழுதியவரைக் குறிப்பிட வேண்டும். மாற்றியதை அதே வகை உரிமத்தில் பகிர வேண்டும். மேற்சொன்ன ஆய்வின் மதிப்பீட்டில், நகலெடுத்த துணுக்குகளில் அதிகபட்சம் கால் பங்குக்கே உரியவாறு மூலம் சுட்டப்பட்டுள்ளது. மூலத்தைச் சுட்டுவது நன்றி மட்டுமன்று. பின்னாளில் திருத்தம் வந்ததா என்று பார்க்க அதுவே வழி.

மதிப்பீடு

பகிர்ந்தவர்களை மட்டும் குறைகூறுவது முறையன்று. அவர்கள் கூலி வாங்காமல் கொடுத்தவர்கள். பொறுப்பில் பாதி எடுத்துக்கொள்பவரைச் சேரும். நல்ல துணுக்குக் குறிப்பில் நான்கு செய்திகள் இருக்க வேண்டும்: எழுதிய ஆண்டும் மொழியின் பதிப்பும், சோதித்த உள்ளீடுகள், பயன்படாத இடங்கள், மூலமும் உரிமமும். எடுப்பவர் வெற்று உள்ளீடு, சுழியம், எல்லை எண், தமிழ்ச் சொல் ஆகியவற்றைக் கொடுத்துப் பார்த்த பின்னரே தம் தளத்தில் சேர்க்க வேண்டும். விடையை மட்டும் மனப்பாடம் செய்த மாணவர் கேள்வி சற்று மாறினாலே திகைப்பார். காரணம் அறியாமல் துணுக்கை எடுத்தவர் கட்டிய தளத்தின் நிலையும் அதுவே.