ஹக்ஸ்லியின் சுண்ணக்கட்டி – ஒரு திறனாய்வு

அறிவியலைப் பொதுமக்களுக்கு எப்படி எடுத்துச் சொல்வது என்று கேட்பவர்களிடம், ஒரு பழைய சொற்பொழிவைப் படிக்கும்படி கூறுவது வழக்கம். 1868-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம், இங்கிலாந்திலுள்ள நார்விச் நகரில், தொழிலாளர்கள் நிறைந்த ஓர் அவையில் உயிரியல் அறிஞர் தாமஸ் ஹென்றி ஹக்ஸ்லி நிகழ்த்திய ‘ஒரு சுண்ணக்கட்டித் துண்டைப் பற்றி’ என்னும் உரையே அது. நூற்றைம்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பாராட்டப்பட்டு வரும் அவ்வுரை, அப்பாராட்டுக்குத் தகுதியுடையதுதானா? அதன் நிறையையும் குறையையும் சேர்த்தே பார்ப்போம்.

உரையின் அமைப்பு எளியது. நார்விச் நகரில் ஒரு கிணறு தோண்டினால் அடியில் வெண்ணிறச் சுண்ணப்பாறை தென்படும். அதை மெல்லியதாகச் சீவி நுண்ணோக்கியில் பார்த்தால், குளோபிஜெரினா என்னும் ஒரு செல் உயிரியின் கூடுகள் தெரியும். கடலடியில் தந்திக் கம்பி பதிப்பதற்கு வழி ஆராய்வதற்காக 1857-இல் சென்ற ‘சைக்ளாப்ஸ்’ கப்பல், அட்லாண்டிக் கடலின் அடியிலிருந்து சேற்றை எடுத்து வந்தது. அச்சேற்றிலும் அதே கூடுகள் இருந்தன. ஆகவே சுண்ணப்பாறை என்பது பழங்காலத்துக் கடலடிச் சேறே என்று ஹக்ஸ்லி நிறுவுகிறார். முடிவைச் சொல்லி நம்பச் சொல்லவில்லை. சான்றுகளை ஒவ்வொன்றாகக் கேட்பவர் முன் வைத்து, அவர்களையே முடிவுக்கு வரச் செய்கிறார். இது முதற்சிறப்பு.

இரண்டாவது சிறப்பைப் பலர் கவனிப்பதில்லை. அச்சேற்றில், குளோபிஜெரினாவைவிட மிகச் சிறிய வட்டத் தட்டுகளும் இருந்தன. அவற்றிற்குக் காக்கோலித் என்று 1858-இல் பெயரிட்டவர் ஹக்ஸ்லிதான். அவை உயிரிகளிலிருந்து வந்தவையா என்று தாம் ஐயுற்றதையும், அவற்றின் இயல்பு புதிராகவே இருப்பதையும் அவர் அவையில் ஒளிக்காமல் கூறுகிறார். வாலிச், சார்பி என்னும் பிறர் கண்டுபிடித்தவற்றை அவர்கள் பெயராலேயே சொல்கிறார்.

இனிக் குறைக்கு வருவோம். குளோபிஜெரினா கடலின் அடியிலேயே வாழ்ந்து அங்கேயே மடிகிறது என்று உரை வாதிடுகிறது. இது தவறு. அவை மேற்பரப்பை ஒட்டிய நீரில் மிதந்து வாழ்பவை என்பதை, 1872 முதல் 1876 வரை நடந்த ‘சேலஞ்சர்’ கப்பலின் ஆய்வுப் பயணம் காட்டியது. கூடு கிடந்த இடமே குடியிருந்த இடம் என்று ஹக்ஸ்லி கொண்டுவிட்டார்.

இந்தக் கருத்து அவரை மேலும் இழுத்துச் சென்றது. அதே 1868-இல், பத்தாண்டுகளாக ஆல்கஹாலில் வைத்திருந்த அந்தச் சேற்றை மறுபடி ஆராய்ந்தபோது, பசை போன்ற ஒரு பொருளைக் கண்டார். கடலடியில் பரவிக் கிடக்கும் ஆதி உயிர்ப்பொருள் இதுவே என்று கருதி, ‘பாதிபியஸ்’ என்று பெயரிட்டார். காக்கோலித்துகள் அதன் உறுப்புகளே என்றும் கூறினார். புதிர் என்று அவையில் சொன்னதற்கு ஆய்வுக் கட்டுரையில் விடை கிடைத்துவிட்டது! 1875-இல் சேலஞ்சர் கப்பலின் வேதியியலறிஞர் புக்கானன், கடல்நீரில் ஆல்கஹாலை மிகுதியாகச் சேர்த்தால் கால்சியம் சல்ஃபேட் பசை போல வீழ்படிவாகிறது என்று காட்டினார். ஹக்ஸ்லி அதே ஆண்டில் தம் பிழையை வெளிப்படையாக ஒப்புக்கொண்டார்.

காக்கோலித்தின் உண்மைக் கதை என்ன? அதைச் செய்வது, சூரிய ஒளியில் உணவு தயாரிக்கும் ஒரு நுண்பாசி. செல்லுக்குள் ஒரு சிறு பையில் அங்ககப் பொருளாலான மெல்லிய தகடு உருவாகிறது. அதன் விளிம்பைச் சுற்றிக் கால்சைட் படிகங்கள் முளைக்கின்றன. அவை எத்திசையில் எவ்வளவு வளர வேண்டும் என்பதைச் செல்லே கட்டுப்படுத்துகிறது. வளர்ந்து முடிந்த தட்டு வெளியே தள்ளப்பட்டு, பாசியின் மேல் கவசமாக அமைகிறது. சுண்ணப்பாறையின் பெரும்பகுதி, உரையில் முதலிடம் பெற்ற குளோபிஜெரினா அன்று. புதிர் என்று ஒதுங்கி நின்ற இத்தட்டுகளே.

ஒளி வேண்டிய பாசி மேற்பரப்பில்தான் வாழ முடியும். அப்படியானால் அதன் தட்டு 4000 மீட்டர் ஆழத்திற்கு எப்படிச் சென்றது? இங்கே இயற்பியல் உதவுகிறது. 3 மைக்ரான் விட்டமுள்ள கால்சைட் உருண்டை ஒன்று குளிர்ந்த கடல்நீரில் விழுவதாக வைத்து, ஸ்டோக்ஸ் விதிப்படி கணக்கிட்டுப் பாருங்கள். நாளொன்றுக்கு ஏறத்தாழ அரை மீட்டர்தான் இறங்கும். அடியை எட்ட 20 ஆண்டுகளுக்கு மேலாகும். தட்டையான காக்கோலித் இன்னும் மெதுவாகவே இறங்கும். ஆழ்நீரில் அது கரைந்துபோகவும் கூடும். ஆனால், பாசியைத் தின்னும் கோபிபாட் என்னும் சிறு உயிரிகளின் கழிவு உருண்டைகளில் பல ஆயிரம் தட்டுகள் ஒன்றாகக் கட்டுண்டு கிடக்கின்றன. விழும் வேகம் ஆரத்தின் இருமடியைப் பொறுத்தது அல்லவா? எனவே அவ்வுருண்டைகள் நாளுக்கு நூறு மீட்டர் அளவில் இறங்கி, சில வாரங்களில் அடியை அடைகின்றன.

அப்படியென்றால் உரையைத் தள்ளிவிடலாமா? கூடாது. சான்று எதுவரை செல்கிறதோ அதுவரை மட்டும் ஹக்ஸ்லி பேசிய பகுதிகள் இன்றும் நிற்கின்றன. அதைத் தாண்டிச் சென்ற பகுதிகளே சரிந்தன. நம் பாடநூல்களும் அறிவியல் கட்டுரைகளும் பெரும்பாலும் முடிவுகளை மட்டும் அடுக்குகின்றன. எது தெரிந்தது, எது ஊகம், எது இன்னும் புதிர் என்று பிரித்துக் காட்டுவதில்லை. மாணவர்கள் இவ்வுரையைத் தேடிப் படிக்கட்டும். அதோடு பாதிபியஸ் கதையையும் சேர்த்துப் படிக்கட்டும்.

1902-இல் லோமான் என்னும் ஜெர்மானிய அறிஞர் இப்பாசிகளை விரிவாக ஆராய்ந்தபோது, அவற்றுள் ஒன்றுக்கு ‘ஹக்ஸ்லேயி’ என்று பெயரிட்டார். தாம் பெயரிட்ட தட்டுகளைப் பற்றித் தவறான விடை சொல்லி, பின்னர் அது தவறு என்று சொன்னவரின் பெயரையே அப்பாசி இன்றும் தாங்கி நிற்கிறது.