சேவூர்ப் பட்டும் தேடுபொறி அட்டவணையும்

சேவூர், திருவண்ணாமலை மாவட்டத்தில் ஆரணியை அடுத்துள்ள பட்டு நெசவு ஊராகும். ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு உண்டு. ஆனால் இவ்வூரின் பெயரைத் தமிழில் தேடுபொறியில் இடும் மாணவர் தறியைச் சென்றடைவதற்கு முன் வேறு பல இடங்களைச் சுற்றிவர நேர்கிறது. திருப்பூர் மாவட்டம் அவிநாசி வட்டத்தில் ஒரு சேவூர் உள்ளது. அங்குள்ள வாலீஸ்வரர் கோயிலும் நிலக்கடலை ஏலமும் செய்திகளில் அடிக்கடி இடம்பெறுவன. வேலூர் மாவட்டம் காட்பாடி அருகில் இன்னொரு சேவூர் உள்ளது. போதாக்குறைக்கு, 2016 முதல் 2021 வரை இருந்த அமைச்சரவையில் இந்து சமய அறநிலையத் துறை அமைச்சராக இருந்தவர் சேவூர் எஸ். இராமச்சந்திரன். அவர் இந்தச் சேவூரின் பெயரையே முன்னடையாகக் கொண்டவர் என்பதால், ஊரின் பெயர் வரும் பக்கங்களில் பெரும்பகுதி அரசியல் செய்திகளாக அமைந்துவிட்டன.

இந்நிலைக்குத் தேடுபொறியை மட்டும் குறை சொல்வது எளிது. தமிழில் எழுதுவோரை மட்டும் குறை சொல்வதும் எளிது. இரண்டும் முழு உண்மை அல்ல.

கண்டறிதல்

ஒரு பக்கம் இணையத்தில் ஏற்றப்பட்டவுடன் தேடலில் கிடைத்துவிடும் என்ற எண்ணம் பரவலாக உள்ளது. உண்மையில் மூன்று வாசல்களைக் கடக்க வேண்டும். முதலில் கிராலர் எனப்படும் தானியங்கி நிரல் அப்பக்கம் இருப்பதை அறிய வேண்டும். அடுத்து அதைப் படிக்க வேண்டும். பின்னர் அதனை அட்டவணையில் சேர்ப்பதா வேண்டாமா என்று பொறி முடிவு செய்ய வேண்டும். தேடுவோர் கேள்வியை இடும்போது பொறி இணையத்தைத் தேடுவதில்லை. முன்பே தொகுத்து வைத்த அட்டவணையைத்தான் தேடுகிறது. அட்டவணையில் இல்லாத பக்கம், தேடுவோரைப் பொறுத்தவரை எழுதப்படாத பக்கமே.

இருப்பதை அறியும் பழைய வழி இணைப்பு. முன்பே தெரிந்த ஒரு பக்கத்திலிருந்து புதிய பக்கத்துக்கு இணைப்பு இருந்தால் கிராலர் அதைப் பின்பற்றி வந்து சேரும். 2005 இல் கூகுள் தளவரைபடம் என்னும் முறையைக் கொண்டுவந்தது. ஒரு தளத்தின் எல்லாப் பக்கங்களின் முகவரிகளையும், அவை எப்போது மாற்றப்பட்டன என்பதையும் ஒரே கோப்பில் தரும் முறை அது. மறு ஆண்டில் யாகூவும் மைக்ரோசாஃப்டும் அதனை ஏற்றுக்கொண்டன. 2021 இல் பிங், யாண்டெக்ஸ் ஆகிய பொறிகள் இண்டெக்ஸ்நவ் என்ற முறையை அறிமுகப்படுத்தின. புதிய பக்கம் பிறந்ததும் தளமே பொறிக்குச் சொல்லி அனுப்பும் ஏற்பாடு இது. கூகுள் எதிர்த்திசையில் சென்றது. தளவரைபடத்தைப் பற்றிச் சொல்லி அனுப்பும் பழைய வசதியை நிறுத்துவதாக 2023 இல் அறிவித்தது. அவ்வழியே வந்த அறிவிப்புகளில் பெரும்பாலானவை பயனற்ற குப்பை என்பது அதன் வாதம்.

தமிழில் இதைப் பற்றி எழுதப்படும் வழிகாட்டிகளின் குறை இங்கேதான் தொடங்குகிறது. பக்கத்தை விரைவாகக் கூகுளில் ஏற்றுவது எப்படி என்ற தலைப்பில் வரும் பெரும்பாலான கட்டுரைகள் முதல் வாசலோடு நின்றுவிடுகின்றன. தளவரைபடத்தைச் சமர்ப்பி, சேர்ச் கன்சோலில் முகவரியை இட்டு வேண்டுகோள் பொத்தானை அழுத்து, காத்திரு என்பதே அவற்றின் சாரம். விண்ணப்பம் கொடுத்தால் சேர்க்கை கிடைத்துவிடும் என்ற தொனி அவற்றில் உள்ளது. கூகுளின் சொந்த விளக்க ஏடே, விதிகளை எல்லாம் நிறைவு செய்தாலும் பக்கத்தைப் படிப்பதற்கோ அட்டவணையில் சேர்ப்பதற்கோ உறுதி தருவதில்லை என்று வெளிப்படையாகக் கூறுகிறது. சேர்ச் கன்சோலில் வரும் இரு நிலைக் குறிப்புகள் இதற்குச் சான்று. ஒன்று, பக்கம் கண்டறியப்பட்டும் இன்னும் படிக்கப்படாத நிலை. மற்றொன்று, படித்துப் பார்த்தபின்னும் அட்டவணையில் சேர்க்காமல் விட்ட நிலை. முதலாவதற்குப் பொறுமையும் இணைப்புகளும் மருந்தாகலாம். இரண்டாவதற்குப் பொத்தானை எத்தனை முறை அழுத்தினாலும் பயனில்லை. படித்துவிட்டுத்தான் ஒதுக்கியிருக்கிறது. இவ்விரண்டையும் வேறுபடுத்திச் சொல்லாத வழிகாட்டி மாணவருக்கு உதவாது.

சொல்லடைவு

தேடுபொறியின் அட்டவணை தமிழுக்கு அந்நியமான பொருள் அன்று. ஒரு நூலின் இறுதியில் உள்ள சொல்லடைவைப் போன்றதே அது. ஒவ்வொரு சொல்லுக்கும் எதிரே அது வரும் பக்கங்களின் எண்கள் இருக்கும். உ. வே. சாமிநாதையர் தம் பதிப்புகளில் அரும்பத அகராதிகளை இணைத்தார். புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1960களின் இறுதியில் பழந்தமிழ் நூல்களுக்கான சொல்லடைவைத் தொகுதிகளாக வெளியிட்டது. அவ்வேலையைச் செய்தவர்கள் தமிழறிந்த மனிதர்கள். எந்த வடிவம் எந்தச் சொல்லின் கீழ் வர வேண்டும் என்று அவர்கள் ஒவ்வோர் இடத்திலும் முடிவெடுத்தனர்.

பொறிக்கு அது கடினம். சேவூர் என்ற சொல் ஒரு கட்டுரையில் சேவூரில், சேவூருக்கு, சேவூரைச், சேவூரிலிருந்து எனப் பல உருவங்களில் வருகிறது. மனிதருக்கு அவை ஒரே சொல். வேற்றுமை உருபுகளைப் பிரித்தறியாத அட்டவணைக்கு அவை தனித்தனிச் சொற்கள். ஆங்கிலத்தில் ஊர்ப்பெயர் மாறாமல் நிற்க, அதன் முன் தனிச்சொல் ஒன்று வந்து வேற்றுமையைக் காட்டிவிடும். சந்தி மேலும் ஒரு சிக்கல். பட்டுப்புடவை, பட்டு புடவை, பட்டுப் புடவை, பட்டுச்சேலை, பட்டு சேலை என ஒரே பொருளை ஐந்து விதமாக எழுதுகிறார்கள். கடைக்காரர் ஒரு விதமாகவும் வாங்குவோர் வேறு விதமாகவும் எழுதினால் இருவரும் சந்திப்பது பொறியின் திறமையைப் பொறுத்தது. கூகுள் இதில் பத்தாண்டுகளுக்கு முன்பு இருந்ததைவிட மிகவும் முன்னேறியுள்ளது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் அந்த முன்னேற்றம் நிறையப் பேர் தேடும் சொற்களிலேயே நன்றாகத் தெரிகிறது.

பட்டு என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். அது நூல். துன்பப்பட்டு, வெட்கப்பட்டு என்பவற்றைப் பிரித்து எழுதுவோர் கையில் அது வினையெச்சம். செங்கற்பட்டு போன்ற வட தமிழ்நாட்டு ஊர்ப்பெயர்களில் அது ஈறு. நெசவின் பிற சொற்கள் இன்னும் மோசமான நிலையில் உள்ளன. அச்சு என்று தேடினால் அச்சகமும் வண்டியின் அச்சும் முன்வரும். தறியில் நூல்களை வரிசை குலையாமல் பிரித்து நிறுத்தும் அச்சு பின்தங்கும். நாடா, தறியில் இங்கும் அங்கும் ஓடி ஊடையை இழுத்துச் செல்லும் கருவி. ஆனால் 2016 டிசம்பரில் காரைக்கால் அருகே கரையைக் கடந்த புயலுக்கு நாடா என்ற பெயர் அமைந்ததால், அச்சொல்லில் செய்திப் பக்கங்கள் குவிந்துவிட்டன. இதில் யாருக்கும் தீய நோக்கம் இல்லை. பொறி, அதிகம் எழுதப்பட்டதை முன்வைக்கிறது. தறியைப் பற்றி எழுதியவர்கள் குறைவு.

எழுத்துருவால் இழந்த ஆண்டுகள்

தமிழ் எழுத்துகளுக்கு 1991 இல் வெளிவந்த ஒருங்குறியின் முதல் பதிப்பிலேயே இடம் கிடைத்தது. ஆயினும் அதன்பின் நெடுங்காலம் இதழ்களும் அலுவலகங்களும் தத்தம் எழுத்துருவைப் பயன்படுத்தின. சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டையொட்டி டாம், டாப் குறியாக்கங்களை அரசு தரமாக்கியது. மறுபுறம் திஸ்கி குறியாக்கம் ஆர்வலர்களிடையே பரவியிருந்தது. இவற்றில் எழுதிய பக்கம் திரையில் தமிழாகத் தெரியும். கிராலர் படிக்கும்போதோ பொருளற்ற இலத்தீன் எழுத்துகளின் வரிசையாகத் தெரியும். பக்கம் அட்டவணையில் சேர்ந்தாலும் தமிழ்ச் சொல்லால் அதைத் தேடி எடுக்க முடியாது. 2010 இல் கோவைச் செம்மொழி மாநாட்டின்போதுதான் தமிழ்நாடு அரசு ஒருங்குறியையும் டேஸ் 16 முறையையும் தரமாக ஏற்றது. அதற்குப் பின்னும் வானவில் எழுத்துருவில் தட்டச்சு செய்து பிடிஎஃப் ஆக்கிய அரசு ஆவணங்கள் வந்துகொண்டிருந்தன. கைத்தறி பற்றிய அரசுக் குறிப்பு ஒன்று பொதுவெளியில் இருந்தும் தமிழில் தேடிக் கிடைக்காமல் போவதற்கு இது ஒரு காரணம்.

அச்சுநூல்களை எழுத்துணரி கொண்டு மாற்றும்போது வேறு பிழைகள் நேர்கின்றன. ஊ என்ற எழுத்தை உ, ள என இரண்டாகப் படித்துவிடுவது அவற்றுள் பழகிப்போன ஒன்று. ஊடை அப்போது உளடை ஆகிவிடும். கௌ என்பதைக் கெள என்று தட்டச்சு செய்யும் பழக்கமும் இவ்வகையினதே. கண்ணுக்கு வேறுபாடு தெரியாது, அட்டவணைக்குத் தெரியும். பிழை திருத்தம் என்பது அழகுக்காகச் செய்யும் வேலை என்று நினைப்போர் இதைக் கவனிப்பது நல்லது.

இணைப்பில்லாத் தீவுகள்

இனி எழுதுவோர் பக்கத்துக் குறைகள். தமிழில் எழுதுவோர் ஒருவர் பக்கத்துக்கு மற்றவர் இணைப்புத் தருவதில் சிக்கனம் காட்டுகிறார்கள். ஒரு நூலையோ கட்டுரையையோ பயன்படுத்தி எழுதிவிட்டு, இணையத்தில் படித்தது என்று முடித்துக்கொள்வது வழக்கமாகிவிட்டது. இது நன்றி மறத்தல் மட்டும் அன்று. கிராலர் நடந்து வரும் பாதையை அடைப்பதும் ஆகும். 2004 இல் தொடங்கிய தமிழ்மணம் போன்ற திரட்டிகள் ஒரு காலத்தில் இக்குறையை ஈடு செய்தன. புதிதாக எழுதப்பட்டவை அனைத்தும் ஓரிடத்தில் இணைப்புகளாகத் தோன்றியதால் வாசகருக்கும் கிராலருக்கும் அது சந்தை நாளாக இருந்தது. திரட்டிகளின் செல்வாக்குக் குறைந்தது. 2013 ஜூலையில் கூகுள் ரீடரும் மூடப்பட்டது. எழுதுவோர் பலர் முகநூலுக்குப் பெயர்ந்தனர். அங்கு எழுதுவதில் பெரும்பகுதி தேடுபொறிக்கு எட்டாது. வாட்ஸ்அப் குழுவில் பகிர்வது சிறிதும் எட்டாது. ஆரணிப் பக்கத்துப் புடவைக் கடைகள் யூடியூப் காணொளிகளுக்கு ஆங்கிலத் தலைப்பு இடும்போது, உள்ளே பேசும் தமிழ்ச் சொற்கள் எழுத்தாக எங்கும் நிற்பதில்லை.

விக்கிப்பீடியாவில் இணைப்புத் தந்தால் போதும் என்று சிலர் கருதுகின்றனர். 2007 முதல் அங்கிருந்து வெளியே செல்லும் இணைப்புகளில், இதனைப் பரிந்துரையாகக் கொள்ள வேண்டாம் என்று பொறிகளுக்குச் சொல்லும் குறிப்பு இடப்படுகிறது. அவ்வழியே தரவரிசை உயரும் என்று எதிர்பார்ப்பது வீண். வாசகர் வருவார், அது வேறு பயன்.

இதற்கு நேர் எதிரான இன்னொரு நோயும் உண்டு. ஆரணி பட்டு புடவை விலை என்ற தொடரை ஒரே பக்கத்தில் முப்பது முறை எழுதுவது. ஐந்து தளங்களிலிருந்து பத்திகளை வெட்டி ஒட்டுவது. ஒரே செய்தி பல முகவரிகளில் இருந்தால் பொறி அவற்றுள் ஒன்றை மூலமாகத் தேர்ந்து மற்றவற்றை மறைத்துவிடும். தேர்ந்தது உழைத்து எழுதியவருடையதாக இருக்கும் என்பதற்கு உறுதியில்லை. தமிழில் இதனால் பாதிக்கப்படுவோர் பெரும்பாலும் சிறு தளங்களில் எழுதுவோரே.

பொறி நிறுவனங்களின் பக்கம் உள்ள நியாயத்தையும் சொல்ல வேண்டும். ஒவ்வொரு தளத்தையும் எத்தனை முறை வந்து பார்ப்பது என்பதற்கு அவை வரம்பு வைத்திருக்கின்றன. இணையம் முடிவற்றது, கணினிகள் முடிவுள்ளவை. ஆயினும் எந்த மொழிக்கு எவ்வளவு உழைப்பைச் செலவிடுவது என்பது கணக்கு மட்டும் அன்று, தேர்வும்கூட. கூகுளின் விளம்பரத் திட்டமான ஆட்சென்ஸ் 2018 இல்தான் தமிழை ஏற்றது. அதுவரை தமிழில் எழுதுவோருக்கு அவ்வழியில் முறையான வருவாய் இல்லை. வருவாய் இல்லாத இடத்தில் ஆழ்ந்த எழுத்தும் குறைவாகவே வரும். எழுத்து குறைந்த மொழியைப் பொறி நன்கு கற்பதும் அரிது. இந்திய அரசின் உதவியுடன் உருவான சந்தான் என்னும் பன்மொழித் தேடுபொறியில் தமிழும் இருந்தது. ஆனால் அது சுற்றுலாத் துறைக்கு உரியதாக அமைந்தது. கோயிலைத் தேடுவோருக்கு அது உதவலாம், தறியைத் தேடுவோருக்கு அன்று.

தேடல் முடிவுகளின் உச்சியில் இப்போது செயற்கை நுண்ணறிவு எழுதித் தரும் சுருக்கங்கள் வரத் தொடங்கியுள்ளன. அவையும் பெரும்பாலும் அட்டவணையில் உள்ள பக்கங்களைக் கொண்டே விடை கூறுகின்றன. முன்பு மூன்று சேவூர்களும் மூன்று தனி வரிகளாக வந்தன, மாணவர் பார்த்துப் பிரித்துக்கொண்டார். சுருக்கத்தில் மூன்றும் ஒரே பத்தியில் கலந்துவிட்டால் பிரித்துப் பார்க்க வாய்ப்பே இருக்காது. அவிநாசிக் கோயிலை ஆரணிக்கு மாற்றி எழுதிய பள்ளித் திட்ட ஏடு ஒன்றுக்கு அதன்பின் மதிப்பெண் குறைப்பதில் நியாயம் இருக்குமா என்பது ஆசிரியர்கள் எண்ண வேண்டிய கேள்வி.

சேவூரைப் பற்றி எழுதுவோர் முதல் வரியிலேயே ஆரணி, திருவண்ணாமலை மாவட்டம் என்று சேர்த்து எழுதலாம். அச்சு, நாடா போன்ற சொற்களைத் தறி, நெசவு என்பவற்றோடு ஒரே வாக்கியத்தில் வைக்கலாம். படமாக மட்டும் இடும் விலைப்பட்டியலை எழுத்தாகவும் தரலாம். இவற்றுக்குத் தொழில்நுட்ப அறிவு எதுவும் தேவையில்லை. ஆனால் இவை அனைத்தும் எழுதப்பட்ட பக்கம் ஒன்று இருந்தால்தான் பயன்படும். கோர்வை என்ற சொல் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. புடவையின் உடலும் கரையும் வெவ்வேறு நிறத்தில் அமையும்போது, இரண்டையும் தனித்தனி நாடாக்களால் நெய்து, சேரும் இடத்தில் ஊடைகளைக் கோத்துச் செல்லும் நுட்பம் அது. நெசவாளருக்கு அப்போது தறியின் மறுபக்கம் கைக்கு உதவியாக இன்னொருவர் வேண்டும். அவர் எங்கே அமர்வார், எந்த நாடாவை எப்போது தள்ளுவார், ஒரு இழை தவறினால் கரை எப்படிக் கோணும் என்பதை நெசவாளர் வாய்மொழியாகவே விளக்கி எழுதிய தமிழ்ப் பக்கங்கள் மிகக் குறைவு. கோர்வை என்று தேடுவோருக்கு இப்போது முதலில் கிடைப்பது, கோர்வையாகப் பேசுவது எப்படி என்னும் அறிவுரை.