காரெனின் குரலும் மருத்துவக் குறிப்பும்

கார்பென்டர்ஸ் என்ற அண்ணன்-தங்கை இசை இரட்டையரின் 'சூப்பர்ஸ்டார்' பாட்டைப் பற்றி எழுதுவோர் பலரும் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கிறார்கள். அனோரெக்ஸியா நோயால் உடல் நலிந்து 1983-இல் 32 வயதில் இறந்த காரென் கார்பென்டரின் துயரம் அந்தக் குரலில் முன்கூட்டியே ஒலிக்கிறது, பாட்டின் மர்மமே அதுதான் என்கிறார்கள்.

இந்தப் பார்வையால் ஒரு நன்மை உண்டு. வெறும் இனிப்பு என்று ராக் விமர்சகர்கள் ஒதுக்கிய இரட்டையரைப் பிந்தைய தலைமுறை காதுகொடுத்துக் கேட்டது. இயக்குநர் டாட் ஹெய்ன்ஸ் 1987-இல் காரெனைப் பற்றிப் பார்பி பொம்மைகளைக் கொண்டு எடுத்த படம் இந்தப் பாட்டின் பெயரையே தாங்கியது. 1994-இல் சோனிக் யூத் குழு இதைத் தன் பாணியில் பாடியது.

ஆனால் இந்த வாசிப்பு அடிப்படையிலேயே தவறு. பாட்டு காரெனுக்காக எழுதப்பட்டதே அல்ல. லியோன் ரஸ்ஸலும் பானி பிராம்லெட்டும் எழுதியது. 1969-இல் பானியின் குழுவான டெலானி அண்ட் பானி வெளியிட்டபோது தலைப்பிலேயே 'குரூப்பி' என்று இருந்தது. ஊர் மாறிப் போய்விட்ட கிதார் கலைஞனின் வாசிப்பை வானொலியில் மட்டும் கேட்டுக் காத்திருக்கும் ரசிகையின் ஏக்கம் அது. பாடகி பெட் மிட்லர் தொலைக்காட்சியில் பாடக் கேட்ட ரிச்சர்ட் கார்பென்டர், படுக்கையைச் சுட்டும் சொல்லை மாற்றித் தங்கையைப் பாடவைத்தார். 1971-இல் பில்போர்டு பட்டியலில் இரண்டாமிடம் வரை ஏறியது. காரெனின் நோயால் கச்சேரிகள் ரத்தானதோ 1975-இல்தான்.

பதிவைக் கேளுங்கள். ஓபோ ஓய்ந்ததும் கீழ்ஸ்தாயியில், மைக்கை ஒட்டி நின்று பேசுவதுபோலத் தொடங்குகிறார் காரென். பல்லவியில் பின்னணிக் குரல்களும் வாத்தியங்களும் எழும்பினாலும் அழுகையைக் கூட்டுவதில்லை. டிரம்ஸ் வாசித்துத் தாளத்தில் ஊறியவர் அவர். ஒரு சொல்லை எவ்வளவு நீட்டலாம், எங்கே விட்டுவிட வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். அவன் வருவானா, அவளை நினைவாவது வைத்திருக்கிறானா என்று பாட்டு சொல்வதில்லை. அந்தக் கேள்விக்கு முந்திக்கொண்டு விடை சொல்லாத குரல் காரெனுடையது. மர்மம் அங்கேதான் பிறக்கிறது.

இதைக் கலை என்று ஒப்புக்கொள்ள ஏன் இத்தனை தயக்கம்? பானியின் பதிவைக் கேட்டு எவரும் அவருடைய மருத்துவக் குறிப்பைத் தேடுவதில்லை. காரெனை மட்டும் தான் பாடுவது இன்னதென்றே அறியாமல் புலம்பியவராக ஆக்குகிறார்கள். அவருடைய சாதனையை நோயின் கணக்கில் எழுதுவது அஞ்சலி ஆகாது, அநியாயம். மரணத்தை ஒதுக்கிவைத்துவிட்டு அந்தப் பாடகியைக் கேட்க முடியாதவர்கள் அவரைப் பற்றி எழுதாமலிருப்பதே மேல்.