ஆறில் ஒரு பங்கு காலி

ஸ்பெயினின் ஹெரெஸ் ஊர் வறண்ட ஷெர்ரியான ஃபினோவைப் பற்றி எழுதுகிற எல்லாரும், ஒயினின் மேல் படரும் ஈஸ்ட் படலமான ஃப்ளோரில்தான் தொடங்குகிறார்கள். நான் அதற்கும் ஒரு படி முன்னாலிருந்து தொடங்குகிறேன். 600 லிட்டர் கொள்ளும் போத்தா என்ற பீப்பாயில் 500 லிட்டர்தான் ஊற்றுகிறார்கள். ஆறில் ஒரு பங்கு வேண்டுமென்றே காலி. மற்ற ஊர்களில் பெரும்பாலும் காற்று புகுந்துவிடக் கூடாதே என்று பீப்பாயை வாய்வரை நிரப்பிக்கொண்டே இருப்பார்கள். ஹெரெஸ்காரர்கள் காற்றுக்கென்றே இடம் ஒதுக்குகிறார்கள். பீப்பாய் படுத்துக் கிடப்பதால், அந்த ஆறில் ஒரு பங்கு குறைந்ததுமே ஒயினின் மேற்பரப்பு அகன்று விரிகிறது. ஃப்ளோருக்குக் குடியிருக்க அந்தப் பரப்பு வேண்டும். ஹெரெஸில் நான் ரசித்துச் சாப்பிட்ட, குடித்த எல்லாவற்றையும் அந்த வெற்றிடத்தோடு சேர்த்துத்தான் நினைத்துக்கொள்கிறேன்.

அந்த இடத்தைக் காப்பாற்றுவதற்காகவே ஊரின் பொதேகாக்களை, ஒயினை முதிரவைக்கும் கிடங்குகளை, கட்டியிருக்கிறார்கள். உயர்ந்த கூரை, தடித்த வெள்ளைச் சுவர், உச்சியில் சின்னச் சின்ன ஜன்னல், அவற்றில் எஸ்பார்த்தோ புல்லில் பின்னிய தட்டி. தரையில் மஞ்சள் மண். வெயில் காலத்தில் அதன்மேல் தண்ணீர் தெளிக்கிறார்கள். அட்லாண்டிக்கிலிருந்து வரும் ஈரமான பொனியெந்தே காற்றை உள்ளே விட வேண்டும், கிழக்கிலிருந்து வரும் வறண்ட லெவாந்தேயைத் தடுக்க வேண்டும். இத்தனை உபசாரமும் ஒரு நுண்ணுயிர்ப் படலத்துக்கு! வெளியே வெயில் கொளுத்தும் நேரத்தில் உள்ளே நுழைந்து, அந்த ஈர மண் வாசனையும் மர வாசனையும் புளித்த மாவு வாசனையும் ஒன்றாக வந்து முகத்தில் படும்போது எனக்குப் பேச்சு வருவதில்லை. சுற்றிக் காட்டுகிறவர் சொல்லும் வரலாறு காதில் விழுவதும் இல்லை.

ஃப்ளோர் ஒயினை மூடிக் காக்கிறது என்று மட்டும் சொன்னால் போதாது. அது தின்கிறது. ஆல்கஹாலைத் தின்கிறது, கிளிசரினைத் தின்கிறது. நாக்கில் வழுவழுப்பாகத் தங்கக்கூடியதை எல்லாம் அது எடுத்துக்கொண்ட பிறகு மிஞ்சுவதுதான் நாம் குடிக்கும் ஃபினோ. கொழுப்பும் உப்பும் புளிப்பும் அதோடு அத்தனை பொருந்துவது அதனால்தான். கடற்கரையிலிருந்து வரும் மொஹாமாவை எடுத்துக்கொள்ளுங்கள். சூரையின் முதுகுச் சதையை உப்பிட்டு, காற்றில் உலர்த்தி, கண்ணாடி போல் சீவிக் கொடுக்கிறார்கள். மாசிக்கருவாடு தின்று வளர்ந்த நாக்குக்கு அது புதிதே இல்லை. புகை மட்டும்தான் இல்லை. ஒரு துண்டு மொஹாமா, மேலே இரண்டு சொட்டு ஆலிவ் எண்ணெய், பின்னாலேயே ஒரு வாய் ஃபினோ. எண்ணெய் கரைந்து போய்விடும், உப்பு நிற்கும். உருளைக்கிழங்கை வேகவைத்து வெங்காயமும் ஷெர்ரி வினிகரும் சேர்த்த பாப்பாஸ் அலின்யாஸும் அப்படித்தான். வினிகரையும் கூனைப்பூவையும் கண்டால் மற்ற ஒயின்கள் தடுமாறும். ஃபினோ தடுமாறியதை நான் பார்த்ததில்லை.

இதையெல்லாம் தபாங்கோ என்ற ஊர் மதுக்கடையில் நின்றுகொண்டு சாப்பிட வேண்டும். 1925-லிருந்து இருக்கும் எல் பசாஹே போன்ற இடங்களில் கல்லாவுக்குப் பின்னால் பீப்பாய்கள் அடுக்கியிருக்கும், குழாயைத் திறந்து நேரே கோப்பையில் பிடிப்பார்கள். முதல் முறை நான் போன ஒரு தபாங்கோவில் பக்கத்தில் நின்ற பெரியவர் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. தன் தாளில் இருந்த பன்றி வறுவலான சிச்சரோனெஸை என் பக்கம் நகர்த்தினார், என் கோப்பையைக் காட்டினார், மெல்லும்போதே குடிக்கச் சைகை செய்தார். பன்றிக்கொழுப்பு வாயில் இருக்கும்போதே ஒயின் உள்ளே போக வேண்டும் என்பதை நான் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை, அவரிடமிருந்துதான் தெரிந்துகொண்டேன்.

சான்லூகார் பக்தர்கள் இங்கே குறுக்கிடுவார்கள். குவாதல்கிவீர் ஆறு கடலில் சேரும் ஊர் அது. ஈரம் அதிகம், ஃப்ளோர் ஆண்டு முழுக்கத் தடிப்பாக இருக்கும், ஆகவே அங்கே முதிரும் ஷெர்ரியான மன்சானியாதான் மென்மை என்பார்கள். ஒத்துக்கொள்கிறேன். அந்த ஊர் இறாலோடு மன்சானியாவை மிஞ்ச ஏதும் இல்லை. ஆனால் எனக்கு மென்மை மட்டும் போதாது. ஹெரெஸ் உள்ளே தள்ளி இருக்கிறது. கோடையிலும் குளிரிலும் அங்கே படலம் மெலிகிறது, வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் மீண்டும் தடிக்கிறது. அந்த ஏற்ற இறக்கம் ஃபினோவுக்கு ஒரு கடிப்பைக் கொடுக்கிறது. இன்னொரு கட்சி ஒலொரோசோ, பாலோ கொர்த்தாதோ என்று வேறு ஷெர்ரிகளைத் தேடிப் போகிறது. அவை மகத்தானவைதான், ஆனால் கோப்பையை முகர்ந்தபடி ஒரு மாலை முழுவதும் உட்கார வேண்டியவை. பகல் ஒன்றரை மணிப் பசிக்கு அவை உதவாது.

என் வருத்தம் வேறு. பல பத்தாண்டுகளாக ஃபினோவை வெளுக்க வடிகட்டியே அதன் சாரத்தைக் கொன்றார்கள். தண்ணீர் நிறம்தான் தூய்மை என்று யாரோ நம்பவைத்துவிட்டார்கள். முன்பு முட்டை வெள்ளைக்கருவால் ஒயினைத் தெளியவைத்தார்கள். மிஞ்சிய மஞ்சள்கருக்களைக் கன்னிமாடங்களுக்குக் கொடுக்க, அங்கிருந்துதான் தோசினோ தெ சியெலோ என்ற இனிப்பு வந்தது என்று ஊரில் சொல்கிறார்கள். மஞ்சள்கருவும் சர்க்கரையும் தவிர அதில் வேறொன்றும் இல்லை, ஆனாலும் ஒரு சதுரத்துக்கு மேல் யாராலும் சாப்பிட முடியாது. இன்றைய வடிகட்டி இயந்திரத்திலிருந்து யாருக்கும் ஒரு பலகாரமும் கிடைக்கப் போவதில்லை. 2010-இல் கொன்சாலெஸ் பயாஸ் நிறுவனம் தன் தியோ பெப்பே ஃபினோவை என் ராமாவாக, பீப்பாயில் இருந்த நிலையிலேயே, வெளியிடத் தொடங்கிய பிறகு மற்றவர்களும் அந்த வழிக்கு வந்தது பெரிய ஆறுதல். ஆனாலும் எழுபதுகளில் 20,000 ஹெக்டேருக்கு மேல் இருந்த திராட்சைத் தோட்டம் இன்று 7,000 அளவுக்குச் சுருங்கிவிட்டது. திறந்த பாட்டிலை வாரக்கணக்கில் அலமாரியில் வைத்திருந்து ஊற்றும் உணவகங்களை நான் அந்த ஊரிலேயே பார்த்தேன். பாட்டிலில் அந்த ஆறில் ஒரு பங்கு காலி கிடையாது, அங்கே ஃப்ளோர் வாழாது. மூடியைத் திறந்துவிட்டால் சில நாட்கள்தான் கணக்கு. இது தெரிந்தவர்களே இப்படிச் செய்தால் என்ன சொல்ல?

போகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். ஏப்ரலில் போங்கள். படலம் செழித்திருக்கும், வசந்த கால என் ராமா வெளிவந்துகொண்டிருக்கும். மே மாதக் குதிரைத் திருவிழா வாரத்தைத் தவிர்த்துவிடுங்கள். எலுமிச்சை சோடாவையும் ஐஸையும் ஃபினோவில் கொட்டி ரெபுஹீத்தோ என்று ஜாடி ஜாடியாக அப்போது ஓடும், அதைப் பார்க்க என்னால் முடியவில்லை. தபாங்கோவில் முதல் கோப்பை அதிகச் சில்லென்று வந்தால் உடனே குடிக்காதீர்கள், சற்று விட்டுவையுங்கள். ஏழெட்டு டிகிரிக்கு வந்தபின்தான் பாதாம் வாசனை எழும். இரண்டாவது கோப்பையோடு மொஹாமா கேளுங்கள். கணக்கை அவர்கள் மரப்பலகையிலேயே சுண்ணக்கட்டியால் எழுதிக்கொள்வார்கள்.